தம்பி வேலை செய்யும் பியர்க்கூடம்

என் தம்பி ஏழு மாதங்களாக ஓர் ‘உணவுத் தொழிற்சாலையில்’ வேலை பார்த்தான். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்து, தேசிய சேவை முடித்து, ஜூரோங்கில் ஒரு ரசாயன ஆலையில் மூன்றாண்டு இருந்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு, சம்பளத்தில் 600 வெள்ளி குறைந்தாலும் பரவாயில்லை என்று அவன் போய்ச் சேர்ந்த இடம், பியர் காய்ச்சும் ஒரு சிறிய ஆலை.

குட்டு உடைந்தது அவன் சட்டையால். துவைக்கப் போட்டிருந்ததை எடுத்து முகர்ந்து பார்த்த அம்மா, “இது புளிச்ச வாடை. எனக்குத் தெரியாத வாடையா?” என்றார். அன்றிரவே தம்பி உண்மையைச் சொன்னான். அம்மா திட்டவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் மட்டும் கேட்டார்: “நாளைக்குப் பொண்ணு பாக்கப் போனா என்ன வேலைன்னு சொல்றது? எங்கப்பாவக் குடிச்சே சாகடிச்ச சாமான இவன் காய்ச்சுறான்னா?”

அம்மா பிறந்தது ஜோகூர், கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தாத்தா பால் வெட்டினார். பாட்டியும் வெட்டினார். லயத்திலிருந்து கள்ளுக்கடை கூப்பிடு தூரம். சம்பள நாளன்று பாட்டி அம்மாவை அங்கே அனுப்புவாராம், தாத்தாவின் சட்டைப் பையில் மிச்சம் இருப்பதை வாங்கி வர. எட்டு வயதுப் பிள்ளை தகரக் குவளைகளுக்கு நடுவே நின்று “அப்பா, காசு” என்று கேட்டதை அம்மா இதுவரை இரண்டு முறைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. ஈரல் கெட்டுத் தாத்தா இறந்தபோது அம்மாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவரும் பால் வாளியைத் தூக்கினார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை, தொழிலாளர்கள் தாங்களாகத் தேடிப் போன ஒன்றல்ல; தோட்டத்துக்கு உள்ளேயே, அனுமதியோடு நடந்த ஒன்று. கூலியாகக் கொடுத்த காசு அதே தோட்டத்திலேயே கரைந்தது. 1941ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவர்களது கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. 1947ல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். குடியை எதிர்த்து நம் ஆட்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். ஆகவே, அம்மாவின் கோபத்தைப் பழைய காலத்து மனுஷி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன்பு அந்த ஆலை தன் முன்பகுதியில் ஒரு கூடத்தைத் திறந்தது. ‘டேப்ரூம்’ என்கிறார்கள். காய்ச்சும் இடத்திலேயே, தொட்டியிலிருந்து குழாய் வழியாக நேரே கிண்ணத்தில் பிடித்துக் கொடுக்கும் இடம். சாப்பாட்டுக்கு மெக்சிகோ சமையல். தம்பி தயங்கித் தயங்கி, “ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்களேன்” என்றான். அம்மா முடியாது என்றார். அப்பாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். அப்பா புதுக்கோட்டைப் பக்கம். 1988ல் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர். தீபாவளிக்கு ஒரு பியர், பொங்கலுக்கு ஒரு பியர், அதற்குமேல் தொடாதவர். “ஒரு தடவ பாத்துட்டு வந்து திட்டு. பாக்காமலே திட்டாத” என்றார்.

கூடத்தின் பெயரை எழுதக்கூடாது என்பது அம்மா எனக்குப் போட்ட நிபந்தனை. பாய லேபார் பக்கம், தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெருவிரைவு ரயிலிலிருந்து இறங்கிப் பத்து நிமிட நடை. இடப்பக்கம் கார் பழுதுபார்க்கும் கடை, வலப்பக்கம் அச்சகம். சரக்கு லாரி நிற்கும் மேடையைத்தான் வாசலாக்கியிருந்தார்கள்.

அம்மா எதிர்பார்த்தது இருட்டையும் சிகரெட் புகையையும் சத்தத்தையும். உள்ளே வெளிச்சம், நீண்ட மரமேசைகள். ஒரு மேசையில் சீனக் குடும்பம் ஒன்று குழந்தையின் பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு மேசையில் நாலைந்து பேர் சீட்டு விளையாட்டு. நம் இளையர்களும் இருந்தார்கள். அம்மா ஒரு நோட்டம் விட்டார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். கிளம்பத் தயாராக இருப்பவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

தம்பி உள்ளேயிருந்து ரப்பர்ப் பூட்சோடு வந்தான். முழங்கை வரை ஈரம். “சுத்திப் பாக்கலாமா?” என்றான் அப்பாவிடம். அம்மாவும் எழுந்தார். தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டிகள். தம்பி முதலில் காட்டியது ஒரு சாக்கு மூட்டையை. முளைகட்டி உலர்த்திய பார்லி. இதைத்தான் மால்ட் என்கிறார்கள். ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். அம்மா நான்கு மணிகளை வாயில் போட்டு மென்றார். “கேழ்வரகை முளைகட்டி வறுத்தாப்ல இருக்கு.” தம்பியின் முகம் மலர்ந்தது. “அதேதாம்மா.”

உடைத்த மால்ட்டை ஏறக்குறைய 65 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தத் தண்ணீரை வடித்து, கொதிக்க வைத்து, ஹாப் போடுவார்கள். ஹாப் என்பது ஒரு கொடியின் பூ. இங்கே வருவது அரைத்து அழுத்திய உருண்டைகளாக. பார்க்கக் கோழித்தீவனம் மாதிரி இருக்கிறது. பியரின் கசப்பும் வாசனையும் அதிலிருந்து வருபவை. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். சர்க்கரையை ஈஸ்ட் தின்று மதுசாரமும் கரியமில வாயுவும் தரும். ‘ஏல்’ வகை இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும். ‘லாகர்’ வகை குளிரிலேயே வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். ஒரு தொட்டியிலிருந்து தொங்கிய குழாய் வாளித் தண்ணீரில் முங்கிக் கிடந்து, குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா அதையே பார்த்தார். “மாவு பொங்குறப்போ இப்படித்தான் மூச்சு விடும்” என்றார். இட்லி மாவில் பெரும்பாலும் பாக்டீரியா வேலை செய்கிறது, இங்கே ஈஸ்ட் என்று தம்பி விளக்கத் தொடங்கினான். அம்மா கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் பார்வை தம்பியின் கையில் இருந்தது. மணிக்கட்டில் ஒரு சிவந்த தழும்பு. “என்னடா இது?” தொட்டி கழுவும் காரத் தண்ணீர் தெறித்ததாம். பியர் காய்ச்சுபவன் வேலையில் பெரும்பாதி கழுவுவதுதான் என்று அவன் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தொட்டி, குழாய், தரை, மறுபடி தொட்டி. ஒரு கிருமி புகுந்தால் ஆயிரம் லிட்டரும் சாக்கடைக்குப் போகும். மதுக்கூட வேலை என்று நான் கற்பனை செய்திருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா சமையலறை மேடையைத் துடைக்கும் வேகம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

மேசைக்குத் திரும்பினோம். உணவுப் பட்டியலைப் பார்த்த அப்பா கேட்டது: “பிரியாவா? எந்தப் பிரியா?” ‘பிர்ரியா’ என்பது மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்து ஆட்டுக்கறிக் குழம்பு. பல இடங்களில் மாட்டிறைச்சியில் செய்கிறார்கள். இங்கே ஆட்டுக்கறி என்பதால் எங்களுக்கு வசதி. காய்ந்த மிளகாயை வறுத்து ஊறவைத்து அரைத்து, பட்டை, கிராம்பு, சீரகத்தோடு கறியை மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். கறியைப் பிய்த்துச் சோளரொட்டிக்குள் மடித்துச் சுட்டு, குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்தார்கள், தொட்டுச் சாப்பிட. அம்மா ஒரு துண்டைக் குழம்பில் நனைத்து வாயில் வைத்தார். “காரம் பத்தல” என்றார். ஆனால் இரண்டாவதையும் எடுத்தார். எங்கள் வீட்டில் அது உயர்ந்த சான்றிதழ்.

காரத்தைப் பற்றி நாம் மெக்சிகோக்காரர்களிடம் பெருமை பேச முடியாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மிளகாய் அவர்கள் மண்ணின் பயிர். போர்த்துகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவரும் வரை நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகைப் போல் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டோம். தக்காளியும் அங்கிருந்து வந்ததே.

சமையல்காரர் குவாதலஹாரா நகரைச் சேர்ந்தவர். கூட்டம் குறைந்ததும் எங்கள் மேசைக்கு வந்தார். ரொட்டி எப்படி இவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்று அம்மா என் மூலம் கேட்டார். உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறப்போட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி அரைப்பார்களாம். சுண்ணாம்பு என்றதும் அம்மா நிமிர்ந்தார். “வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா?” ஏறக்குறைய அதேதான். மெக்சிகோ மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்வது இது. சுண்ணாம்பு பட்டால்தான் சோளத்திலுள்ள நயாசின் சத்து உடம்பில் சேரும். இந்த வித்தையைக் கற்காமல் சோளத்தை மட்டும் எடுத்துப்போன ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் பித்துப் பிடிக்கும் ‘பெல்லாக்ரா’ நோய் வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘அல் பஸ்தோர்’ பன்றி இறைச்சியில் செய்வது. லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மாக் கம்பி மெக்சிகோவில் எடுத்த அவதாரம். மேலே அன்னாசித் துண்டு. அருமை, நான் மட்டும் சாப்பிட்டேன். நாச்சோஸ் வேண்டாம், 18 வெள்ளிக்குப் பாதித் தட்டு பாலாடைக்கட்டிதான். சைவத்துக்குக் காளானும், ‘நொபால்’ என்ற மட்டையும் உண்டு. அந்த மட்டையைப் பார்த்ததும் அப்பா சிரித்துவிட்டார். சப்பாத்திக்கள்ளி! “முள்ளத் தேச்சுட்டுப் பழத்தத் தின்னுருக்கோம். நாக்கெல்லாம் செவந்து போவும். மட்டையத் தின்னதில்ல.” சப்பாத்திக்கள்ளியும் மெக்சிகோவிலிருந்து புதுக்கோட்டைக்குப் போனதுதான் என்றபோது அப்பா நம்பவில்லை. இன்னும் நம்பவில்லை. ஹலால் சமையலறை இல்லை என்பதால் முஸ்லிம் நண்பர்களை இங்கே அழைத்து வர முடியாது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அப்பா லாகர் குடித்தார். வெளிர் செம்பு நிறம். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்த இந்தவகை பியர், ஊரில் மறைந்துகொண்டிருந்தபோது மெக்சிகோவில் நிலைத்துவிட்டது. நான் ‘ஐபிஏ’ வாங்கினேன். வேப்பம்பூ ரசத்தைக் குளிரவைத்தது போன்ற கசப்பு. பாதி மிச்சம் வைத்தேன். குலா மலாக்கா சேர்த்த கறுப்பு பியர்தான் எனக்குப் பிடித்தது. அம்மாவுக்கு ‘ஓர்ச்சாட்டா’. அரிசியை ஊறவைத்து அரைத்து வடித்து, பட்டையும் சீனியும் போட்ட குளிர்பானம். மதுசாரம் துளியும் இல்லை. தம்பியிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே குடித்தார்.

கள்ளைப் பற்றிப் பேச்சை எடுத்ததும் அம்மாதான். “இவங்க ஊர்ல கள்ளு இருக்கான்னு கேளு.” ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். சமையல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் ஊரில் கற்றாழை போன்ற ‘மகேய்’ செடியின் நடுவைக் குடைந்து, ஊறும் சாற்றை எடுப்பார்கள். புளித்தால் ‘புல்கே’. வெள்ளையாக, கொழகொழவென்று, கொஞ்சம் புளிப்பாக இருக்கும். கள்ளைப் போலவே வைத்திருக்க முடியாது, கெட்டுவிடும். பியர் ஆலைகள் வந்த பிறகு புல்கே ஏழைகளின் அழுக்குப் பானம் என்று ஒதுக்கப்பட்டது. இது எனக்கு ஓரளவு தெரியும். தெரியாதது அடுத்து வந்தது. அவரது மாநிலத்துக்கு அடுத்த கொலிமாவில் தென்னங்கள்ளே இருக்கிறதாம். பெயர் ‘தூபா’. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் வந்த பிலிப்பீன்ஸ் ஆட்கள், தென்னம்பாளையைச் சீவிக் கள் இறக்கும் வித்தையை அங்கே கொண்டுபோனார்கள். இன்றும் சுரைக்குடுவையில் சுமந்து தெருவில் விற்கிறார்கள், மேலே வேர்க்கடலை தூவி.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவங்க ஊர்ல பொம்பளைங்க என்ன பண்ணாங்க? புருசன் குடிச்சுட்டு வந்தா?” என்றார். சமையல்காரருக்கு அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “என் பாட்டியும் சம்பள நாளில் வாசலில் போய் நிற்பார்” என்றார். அதை அம்மாவிடம் சொன்னபோது, அம்மா மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பில் 132 வெள்ளி. நால்வர் சாப்பாடு, மூன்று கிண்ணம் பியர். ஒரு கிண்ணம் 16 வெள்ளி. நம் நாட்டில் பியருக்கு, அதிலிருக்கும் மதுசாரத்தில் லிட்டருக்கு 60 வெள்ளி உற்பத்தி வரி. அரை லிட்டரில் 5 விழுக்காடு மதுசாரம் இருந்தால் 25 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரை வெள்ளி வரி. மீதி வாடகை, மால்ட், ஆள், லாபம்.

பணத்தைக் கட்டும்போது வேறொன்று உறுத்தியது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தது. 2015 ஏப்ரலில் புதிய மதுபானச் சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை தீவெங்கும் பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரயிறுதியில் இன்னும் கடுமை. அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புல்தரையில் உட்கார்ந்து தகரக் குவளை பியர் குடிக்கும் வெளிநாட்டு ஊழியரைப் பார்த்து முகம் சுளிக்கும் நாம், அதே பார்லித் தண்ணீரை 16 வெள்ளிக்கு வாங்கினால் அதை ரசனை என்கிறோம். பணம் கட்டியது நான்தான். ஆகவே இந்தக் குற்றச்சாட்டில் என் பெயரும் உண்டு.

கிளம்பும்போது தம்பி அம்மாவைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்பதால் கேட்கவில்லை. ரயிலில் வரும்போது அம்மாவே சொன்னார். தான் அளவாக ருசி பார்ப்பதோடு சரி, துப்பிவிடுவேன் என்றானாம். “எங்கப்பாவும் மொத நாள்ல அளவாத்தான் குடிச்சிருப்பாரு” என்று இவர் சொன்னாராம். அதற்கு அவன் வாதாடவில்லை. “மாசா மாசம் வந்து பாருங்கம்மா. என்னைக்காவது நான் மாறிட்டேன்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, அன்னைக்கே விட்டுர்றேன்” என்றானாம்.

“நம்புறியா?” என்று அப்பா கேட்டார்.

“வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்கேன்” என்றார் அம்மா.

அடுத்த மாதம் போனோம். அதற்கு அடுத்த மாதமும். அம்மா ஓர்ச்சாட்டாவைத் தாண்டவில்லை, தாண்டப் போவதுமில்லை. போகும்போது ஒரு டப்பாவில் மிளகாய்ச் சம்பல் எடுத்துப் போகிறார். சமையல்காரர் அதைத் தன் ஊழியர் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு கட்டுச் சோளரொட்டி கொடுத்தனுப்புகிறார். தம்பியின் கைக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தாயிற்று. பெண் பார்க்கும் பேச்சு வரும்போது என்ன சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அம்மா சொல்லியிருப்பது, மகன் ‘பானத் தொழிற்சாலையில்’ இருக்கிறான் என்று.